கம்பம் என்று அடிக்க ஐந்து விசை

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தின் பெயரை வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டது நியூட்ரினோவால். போடி மேற்கு மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்பை அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைப் பிடிக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டில் அது நீதிமன்றத்துக்குப் போனது. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2022இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மலையைக் குடையலாமா என்பது தனி வழக்கு, இங்கே அதற்குள் போகவில்லை. ஆனால் அந்த வாதப் பிரதிவாதங்களின் ஓரத்தில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி கிடக்கிறது. அந்த இரும்பு அடுக்குக்குள் துகள் எப்படி நடந்துகொள்ளும் என்று இயற்பியலாளர்கள் முன்கூட்டிப் போட்ட கணக்குகள் ஜியண்ட்4, ரூட் போன்ற மென்பொருள்களில் போடப்பட்டவை. துகள் இயற்பியல் உலகில் அவை ஓடும் இடம் பெரும்பாலும் லினக்ஸ்தான். அந்தத் துறைக்கென்றே ‘சயன்டிஃபிக் லினக்ஸ்’ என்று ஒன்று பல ஆண்டுகள் வெளிவந்தது. அதே லினக்ஸ், அரசின் விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 2011 முதல் இந்த வட்டாரத்துப் பிளஸ் டூ மாணவர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது. ஆய்வாளருக்கு ஆகும் லினக்ஸ் மாணவருக்கு ஆகாது என்று ஊர் முடிவு கட்டியது. காரணம் கேட்டால் முதலில் வருகிற பதில் கீபோர்டு.

“லினக்ஸ் போட்டா கீபோர்டு சரிப்பட்டு வராது, தமிழ் சுத்தமா அடிக்க முடியாது, பேசாம விண்டோஸ் போட்டுக்குங்க.” தேனி மாவட்டம் என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர் சர்வீஸ் கடையிலும், எந்தப் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபிலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். இதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் கண்ட சிக்கல்கள் உண்மையானவை: @ குறியைத் தட்டினால் மேற்கோள் குறி விழுகிறது, தமிழ்99 என்று தேர்ந்தெடுத்தால் புள்ளி வைக்க மறுக்கிறது, திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை செத்துக் கிடக்கிறது. மறுக்க வேண்டியது அவர்கள் எடுத்த முடிவை. இந்தச் சிக்கல்களில் ஏறக்குறைய எல்லாமே, லேப்டாப்பைக் கொடுத்தவர்கள் செய்து முடித்திருக்க வேண்டிய ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால் வந்தவை. கிணற்றில் மோட்டாரை இறக்கிவிட்டு, கரண்ட் இணைப்புக் கொடுக்காமல், மோட்டார் மட்டம் என்று சொல்வதைப் போன்ற தீர்ப்பு இது.

விசையைத் தட்டும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் விஷயம் தெளியும். கீபோர்டுக்குத் தன் மேல் என்ன எழுத்து அச்சடித்திருக்கிறது என்று தெரியாது. அது ஓர் எண்ணை அனுப்புகிறது, அவ்வளவுதான். லினக்ஸின் கெர்னல் அதைத் தன் கணக்கில் ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஆங்கில ஏ அச்சடித்த விசைக்கு அங்கே எண் 30. அதற்கு மேல் எக்ஸ்கேபி என்றோர் அடுக்கு இருக்கிறது. 30ஆம் விசைக்கு என்ன எழுத்து என்று ஓர் அட்டவணையைப் பார்த்துச் சொல்வது அதன் வேலை. அமெரிக்க அட்டவணையானால் ஏ, பிரெஞ்சு அட்டவணையானால் க்யூ, தமிழ் இன்ஸ்கிரிப்ட் ஆனால் ஓகாரத்தின் குறி. இதற்கும் மேலே, தேவைப்பட்டால், ஐபஸ் போன்ற ஓர் உள்ளீட்டுக் கருவி உட்காரும். முன்பு தட்டிய எழுத்து என்ன, இப்போது தட்டியது என்ன என்று சேர்த்துப் பார்த்து எழுத்தை உருவாக்குவது அது. கடைசியாகத்தான் எழுத்து திரைக்கு வருகிறது. இந்த ஏணியில் எந்தப் படியில் தவறு நடந்தாலும் பார்ப்பவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: “கீபோர்டு வேலை செய்யல.” நான்கு வெவ்வேறு கோளாறுகளுக்கு ஒரே பெயர் விழுந்துவிடுகிறது. பெயர் ஒன்றானதால் பழியும் ஒரே ஆள் தலையில் விழுகிறது.

எளிய கோளாறிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் விற்கும் லேப்டாப்புகளின் விசைகள் அமெரிக்க வரிசையில் அமைந்தவை. லினக்ஸை நிறுவும்போது ‘ஆங்கிலம் – அமெரிக்கா’, ‘ஆங்கிலம் – பிரிட்டன்’ என்று ஒரு பட்டியல் வரும். நம் பாடப்புத்தகத்து ஆங்கிலம் பிரிட்டிஷ் வழி வந்தது என்று நினைத்து இரண்டாவதைத் தொடுவது மிக இயல்பு. தொட்டால், ஷிஃப்டோடு 2ஐத் தட்டும்போது @ வராது, இரட்டை மேற்கோள் வரும். 3இல் பவுண்டு குறி வரும். பாஸ்வேர்டில் @ வைத்திருப்பவர் லாக்-இன் திரையில் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் அங்கே என்ன விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, வெறும் கறுப்புப் புள்ளிகள்தான். தமிழை முதல் மொழியாக வைத்துவிட்டவருக்கு இதே கதை இன்னும் மோசமாக நடக்கும்: பாஸ்வேர்டு முழுக்கத் தமிழில் போய் விழும். சரி, விண்டோஸில் பிரிட்டன் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? அச்சு அசலாக இதே குளறுபடிதான். அங்கே ஏன் யாரும் புகார் சொல்வதில்லை என்றால், விண்டோஸ் லேப்டாப்பில் அந்தத் தேர்வை வாங்குபவர் செய்வதே இல்லை. தயாரித்த கம்பெனி செய்து வைத்துவிடுகிறது. லினக்ஸின் பட்டியலிலோ ‘ஆங்கிலம் – இந்தியா, ரூபாய்க் குறியுடன்’ என்று ஓர் அட்டவணை தனியாகவே இருக்கிறது. அமெரிக்க வரிசை அப்படியே இருக்க, வலது ஆல்ட்டோடு 4ஐத் தட்டினால் ₹ விழும். நமக்கென்றே செய்து வைத்ததை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

தமிழுக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவையானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் உருவானது தமிழ்99 விசைப்பலகை. அதே ஆண்டில் தமிழக அரசு அதை நியமமாக ஏற்றது. அதன் அழகு விசை அமைப்பில் மட்டும் இல்லை, விதிகளில் இருக்கிறது. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் தானே உயிர்மெய்யாகும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். மெல்லினத்துக்குப் பின்னால் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ‘கம்பம்’ என்று அடிக்க எச், கே, ஜே, கே, எஃப் என்று ஐந்தே விசை போதும்: க, ம, ப, ம, பிறகு புள்ளிக்கு ஃ. நடுவில் உள்ள மகரத்துக்குப் புள்ளியை நாம் வைக்கவே வேண்டாம், பின்னால் பகரம் வருகிறது என்பதால் அது தானே விழும். ‘தேனி’க்கு நான்கு விசை, ‘பொட்டிப்புரம்’ போன்ற நீண்ட பெயருக்கே பதினொன்று. இப்போது மேலே சொன்ன ஏணியை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்கேபி வெறும் அட்டவணை. ஒரு விசைக்கு ஓர் எழுத்து, ஷிஃப்டோடு தட்டினால் இன்னொன்று. முந்தைய எழுத்து என்ன என்ற ஞாபகம் அதற்குக் கிடையாது. ஞாபகம் இல்லாத இடத்தில் தமிழ்99 விதிகள் நடக்க வழியே இல்லை. மேலே சொன்ன ஐந்து விசைகளையும் அட்டவணையாக மட்டும் ஓட்டினால் திரையில் ‘கமபமஃ’ என்று நிற்கும். அந்த விதிகளை நடத்துவது ஐபஸும் அதனோடு சேரும் எம்17என் என்ற தொகுப்பும். ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்று உருவாக்கிய அந்தத் தொகுப்பில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு என்று தமிழுக்கு ஒரு வரிசையே கிடைக்கிறது.

ஊர் முழுக்கப் பரவிய தவறு முளைத்த இடம் இதுதான். லினக்ஸ் அமைப்புகளில் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால், ‘தமிழ் (தமிழ்நெட் 99)’ என்ற பெயரோடு எக்ஸ்கேபி அட்டவணை ஒன்று நிற்கும். எம்17என் நிறுவியிருந்தால் ‘தமிழ் (தமிழ்99)’ என்று வேறொன்றும் அதே பட்டியலில் நிற்கும். நிறுவியிருக்கவில்லை என்றால் முதலாவது மட்டும்தான் தெரியும். புதிதாகப் பார்க்கும் மாணவர் எதைத் தொடுவார்? தெரிந்த பெயரைத் தொடுவார், தட்டுவார், உயிர்மெய் சேராது, புள்ளி விழாது, “தமிழ் வரல” என்று மூடிவிடுவார். இங்கே நான் லினக்ஸ்காரர்களை விட்டுக்கொடுக்கத் தயார்: நியமத்தின் விதிகளை நடத்த முடியாத ஓர் அட்டவணைக்கு அந்த நியமத்தின் பெயரைச் சூட்டியது பெரிய பிழை. ஆனால் பெயர்ப் பலகையைத் தவறாக மாட்டியதற்கும், கடையில் சரக்கே இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. சரக்கு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு தொகுப்பை நிறுவி, பட்டியலில் ஒரு வரியைத் தள்ளி அடுத்த வரியைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்99 தன் விதிகள் அத்தனையோடும் ஓடுகிறது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற, ஜினோம் என்ற லினக்ஸ் திரைச்சூழலில், விண்டோஸ் சின்னம் போட்ட விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் போதும். விண்டோஸிலும் அதே இரண்டு விசைகள்தான்.

“விண்டோஸில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே” என்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கணக்கை நினைவூட்ட வேண்டும். விண்டோஸில் நெடுங்காலம் உள்ளேயே வந்த தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் மட்டும். தமிழ்99 விண்டோஸ் 10க்குள் வந்து சேர்ந்தது 2019இல். அதாவது தமிழக அரசு தன் நியமம் என்று அறிவித்து இருபது ஆண்டுகள் கழித்து. விலையில்லா லேப்டாப்புகள் லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்ட 2011க்கும் 2019க்கும் இடைப்பட்ட காலம் முழுக்க, அவற்றில் இருந்த விண்டோஸுக்குள் அரசின் சொந்த விசைப்பலகை கிடையாது. இ-கலப்பையோ, என்எச்எம் ரைட்டரோ, அழகியோ தனியாக இறக்கி நிறுவித்தான் தமிழ் அடித்தார்கள். அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. “என்எச்எம் போட்டுக்கோ” என்று பக்கத்து நண்பர் சொல்லுவார், போட்டுக்கொள்வார்கள். விண்டோஸில் ஒன்றைத் தனியாக நிறுவினால் அது வழக்கம், லினக்ஸில் ஒன்றைத் தனியாக நிறுவினால் அது குறை என்பது எந்த ஊர் நியாயம்? இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான். ஒன்றைச் சொல்லித்தர ஊரில் ஆள் இருந்தார், மற்றதற்கு இல்லை. இவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்லித்தர ஆள் இருந்தால் லினக்ஸிலும் வேலை நடக்கும் என்பதற்கு நடைமுறைச் சாட்சி வெகுதூரத்தில் இல்லை. கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி, போடியிலிருந்து ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம். அங்கே ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்று அழைக்கப்படும் அரசு அமைப்பு, 2000களின் நடுவிலிருந்தே பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டது. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தொகுத்து, அதிலேயே பாடம் நடத்தி, அதிலேயே பத்தாம் வகுப்பின் கணினித் தேர்வையும் வைக்கிறார்கள். மலையாளத் தட்டச்சு பாடத்தின் ஒரு பகுதி. கூட்டெழுத்துகளின் எண்ணிக்கையில் மலையாளம் தமிழைவிடச் சிக்கலானது. இடுக்கியின் தமிழ் வழிப் பள்ளிகளும் இதே ஏற்பாட்டுக்குள் வருபவைதான். மலைக்கு மேற்கே தமிழ்ப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு ஆகிற லினக்ஸ், மலைக்குக் கிழக்கே இறங்கி வந்ததும் ஆகாமல் போவதற்கு இயந்திரத்தில் காரணம் தேடிப் பயனில்லை.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஒரு நல்ல எதிர்வாதம் வைப்பார்கள். கேரளம் சொல்லிக்கொடுப்பது இன்ஸ்கிரிப்ட். அதில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து, முன்பின் பார்க்க வேண்டியதில்லை, எனவே எக்ஸ்கேபி அட்டவணையே போதும், எந்த லினக்ஸிலும் தானாக ஓடும். தமிழ்99 அப்படிப்பட்டதல்ல, அதற்கு மேல் அடுக்கு வேண்டும், அந்த அடுக்கு சில செயலிகளில் இடறும். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. எக்ஸ்11 என்ற பழைய திரை முறையிலிருந்து வேலண்டுக்கு லினக்ஸ் மேசை மாறிக்கொண்டிருக்கும் இந்த ஆண்டுகளில், கேடிஇ போன்ற சில திரைகளில் ஐபஸைத் தனியாக இயக்கிவிட வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது என்ன? தமிழ்99ஐ ஓட்ட ஒருவர் ஒருமுறை உட்கார்ந்து அமைக்க வேண்டும் என்பதை மட்டுமே. முடியாது என்பதை அது நிரூபிக்கவில்லை. அமைக்கவே மாட்டோம் என்று அரசு பிடிவாதமாக இருந்தாலும், தமிழ் இன்ஸ்கிரிப்ட் அட்டவணை லினக்ஸில் எந்த நிறுவலும் இல்லாமல் இருக்கிறது. கேரளத்துப் பிள்ளைகள் கற்கிற அதே அமைப்பு அது. ‘எந்த வழியிலும் தமிழ் வராது’ என்ற தீர்ப்புக்கு அங்கேயும் இடமில்லை.

டைப்ரைட்டர் பழகியவர்களின் மனக்குறை வேறு வகை. தமிழ்நாட்டில் ஊருக்கு ஓர் இன்ஸ்டிடியூட்டாவது இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் லோயர், ஹையர் முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் வேலைக்குக் காத்திருக்கிறவர்கள் ஆயிரமாயிரம் பேர். டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களின் விரலும் பெரும்பாலும் பழைய டைப்ரைட்டர் வரிசையில் ஓடுவதுதான். கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய், பிறகு கால் என்று, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பது அவர்கள் பழக்கம். ஒருங்குறியிலோ ‘பொ’ என்பது முதலில் பகரம், பிறகு ஒகரக் குறி என்று சேமிக்கப்படுகிறது. தட்டும் வரிசையும் சேமிக்கும் வரிசையும் வேறாக இருப்பதால், இங்கேயும் ஞாபகமுள்ள ஓர் அடுக்கு நடுவில் வேண்டும். இதே இடறல் விண்டோஸிலும் இருந்தது, அதனால்தான் 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை நியமமாக அறிவித்த பிறகும் பழைய எழுத்துரு முறைகள் நெடுநாள் ஒழியவில்லை. எம்17என் தொகுப்பில் டைப்ரைட்டர் அமைப்பும் உண்டு என்று மேலே சொன்னேன். ஹையர் பாஸ் செய்தவர் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால், பழகிய விரலுக்கு மறுபடி பாலபாடம் எடுக்க வேண்டியதில்லை.

மீதமிருப்பது எஃப்என் விசைகள். புகார்களிலேயே லினக்ஸுக்கு எதிராக மிக வலுவானது இதுதான், இதை லேசாகத் தட்டிவிட்டுப் போகக்கூடாது. திரை வெளிச்சம், ஒலி, வைஃபையை அணைப்பது, டச்பேடை முடக்குவது ஆகிய விசைகள் மற்ற விசைகளைப் போல எல்லா லேப்டாப்பிலும் ஒரே வழியில் வருவதில்லை. லேப்டாப்பின் பலகையில் உள்ள ஒரு குட்டிக் கட்டுப்பாட்டுச் சில்லு அவற்றைப் பிடித்து, கம்பெனி தன் இஷ்டத்துக்கு வகுத்த குறியீட்டில் செய்தி அனுப்பும். அந்தக் குறியீட்டைப் புரிந்துகொள்ளும் மென்பொருளை விண்டோஸுக்குக் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. லினக்ஸுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. வெளியே இருக்கிற நிரலர்கள் ஒவ்வொரு மாடலாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, கெர்னலிலும் அதனருகே உள்ள ஒரு பட்டியல் கோப்பிலும் சேர்க்கிறார்கள். ஆகவே கடையில் ஒருவர் தனியாக வாங்கும் புத்தம் புது மாடலில் ஒன்றிரண்டு விசை வேலை செய்யாமல் போவது நடக்கக்கூடியதே. தனிநபர் ஒருவர் அதைக் காரணம் காட்டி லினக்ஸ் வேண்டாம் என்றால் நான் வாதாட மாட்டேன்.

அரசு தனிநபர் இல்லையே. தன் எல்காட் நிறுவனம் மூலம் 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகள் 50 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு சில மாடல்கள், ஒவ்வொரு மாடலிலும் லட்சக்கணக்கில் ஒரே மாதிரி இயந்திரங்கள். ஒரு மாடலின் வெளிச்ச விசையைச் சரிசெய்ய அந்தப் பட்டியல் கோப்பில் சேர்க்க வேண்டியது சில வரிகள். ஒருமுறை சேர்த்தால் அந்த மாடலில் எத்தனை லட்சம் இருந்தாலும் அத்தனையும் சரி. சாதாரண லினக்ஸ் பயனருக்கு இவ்வளவு வசதியான நிலைமை வாய்ப்பதில்லை. இத்தனை லட்சம் இயந்திரம் வாங்குகிற கைக்கு, “விசைகள் இரண்டு இயங்குதளத்திலும் வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் இல்லை” என்று கம்பெனியிடம் சொல்லும் பலமும் இருந்தது. 2006, 2007 வாக்கில், உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறி, அரசுத் துறைகளையும் அந்தப் பக்கம் திருப்ப முயன்றது. அந்த அனுபவம் கையில் இருந்தும், சில ஆண்டுகள் கழித்து லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தபோது, விண்டோஸுக்கு ஒரு துணை என்பதற்கு மேல் அதற்கு மதிப்பு இருக்கவில்லை. இத்தனைக்கும் பாஸ், சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் தொகுத்தது, இந்திய மொழிகளை மனதில் வைத்தே பிறந்தது. நம் ஊரில் செய்த பொருளை நம் ஊர்ப் பிள்ளையிடம் கொடுக்கும்போது, எப்படித் தமிழ் அடிப்பது என்று ஒரு பக்கம் அச்சடித்து உறைக்குள் வைத்து, விசைகளின் மேல் தமிழெழுத்தைப் பொறித்துக் கொடுத்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

“கிராமத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் கஷ்டம்” என்ற பரிவு வாதத்தைக் கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. போடியில் ஏலக்காய் ஏலமே கணினித் திரையில் நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் வியாபாரிகள் விலையை விசையில் தட்டித்தான் கேட்கிறார்கள். லாபம் கண்ணுக்குத் தெரிந்தால் எந்த விசையும் யாருக்கும் கஷ்டமில்லை. பிள்ளை கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அதில் தமிழ் அடிக்க முடியவில்லை என்று பொட்டிப்புரத்தில் மட்டுமல்ல, பூமியில் எங்கேயும் புகார் இல்லை. அது வேறு, இது வேறு என்பார்கள். எதில் வேறு என்று பார்த்தால், அங்கே விசைப்பலகையை அமைத்து, சோதித்து, தமிழை ஒரு தட்டலில் கிடைக்க வைத்துவிட்டுத்தான் விற்கிறார்கள். அந்த வேலைக்கு யாரோ சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். கெர்னல் இரண்டிலும் ஒரே குடும்பம்.

போனில் தங்கிலீஷில் தட்டினால் தமிழ் வருகிறது, வாயால் சொன்னால் எழுத்து விழுகிறது, விசைப்பலகைச் சண்டை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் நாலு வரி போட அது போதும். பத்துப் பக்கம் கட்டுரை எழுதவோ, கிராம சபைத் தீர்மானத்தைத் தட்டவோ, சுற்றுச்சூழல் அறிக்கைக்குத் தமிழில் ஆட்சேபம் எழுதவோ உட்கார்ந்தவருக்குத்தான் இரு கையாலும் பார்க்காமல் அடிக்கிற விசைப்பலகையின் அருமை தெரியும். கடைசியாகச் சொன்னதற்குத் தேவை இல்லை என்று பொட்டிப்புரத்துக்காரர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?

லினக்ஸ் அன்பர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடக் கூடாது. இந்தத் தப்பெண்ணம் இவ்வளவு காலம் நிலைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. சிக்கல் என்று வருகிறவரிடம் “டெர்மினலைத் திற, இந்தக் கட்டளையை அடி” என்று தொடங்குவதும், அடிக்க வேண்டிய கட்டளையில் வரும் குறியே விசைப்பலகைக் கோளாறால் மாறி விழுகிறது என்பதைக் கவனிக்காமல் இருப்பதும் அவர்கள் பழக்கம். ‘கணியம்’ இதழ் 2012 முதல் லினக்ஸைத் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறது, அது பெரிய காரியம். ஆனால் எழுதி வைத்தது தேடி வருகிறவருக்கு மட்டும்தான் கிடைக்கும். தேடத் தெரியாதவர் சர்வீஸ் கடைக்குப் போகிறார், கடைக்காரர் லினக்ஸ் பகுதியை அழித்து, விண்டோஸை வட்டு முழுக்க விரித்துக் கொடுக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. அரை மணி நேரத்தில் தெரிந்த வேலையை முடித்துக் கூலி வாங்குபவரிடம், எம்17என் என்றால் என்ன என்று யாரும் சொன்னதில்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடியும் கணினிச் சாதனம் தருவதாக அறிவித்தது தமிழக அரசு. வீரபாண்டி, போடி, உத்தமபாளையம் என்று இந்தப் பள்ளத்தாக்கின் கல்லூரிகளுக்கும் வந்து சேர வேண்டியவை அவை. இனி வரும் கொள்முதல் ஒப்பந்தங்களில் ஒரு பத்தி கூடுதலாக எழுதச் சொல்லி எல்காட்டை மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்க வேண்டும். லினக்ஸ் கொடுப்பதானால் ஆங்கிலத்துக்கு இந்திய அட்டவணை, தமிழுக்கு ஐபஸ் வழித் தமிழ்99, லாக்-இன் திரையில் ஆங்கிலம் என்று முன்பே அமைத்துத் தர வேண்டும். ஒவ்வொரு எஃப்என் விசையும் இரண்டு இயங்குதளத்திலும் சோதிக்கப்பட வேண்டும். விசைகளில் தமிழெழுத்து பொறிக்கப்பட வேண்டும். சரக்கை ஏற்றுக்கொள்ளும் நாளில் அதிகாரி ஒருவர் லினக்ஸைத் திறந்து, ‘கம்பம்’ என்று ஐந்து விசை தட்டிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஐந்து விசையில் ‘கமபமஃ’ என்று வந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.